புவி வெப்பமாதல்: எந்தப் புத்தகம் எந்த விவாதத்தில் நிற்கிறது?

நீங்கள் கேட்டிருந்தது இது: நண்பர் ஒருவர் பியோன் லோம்போர்க் எழுதிய 'ஃபால்ஸ் அலாரம்' (2020) நூலைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதே மாதம் உங்கள் மகள் டேவிட் வாலஸ்-வெல்ஸ் எழுதிய 'தி அன்இன்ஹாபிடபிள் எர்த்' (2019) நூலை வாங்கி வந்தாள். ஒன்று இதெல்லாம் வீண் பீதி என்கிறது, மற்றது பூமி வாழத் தகுதியற்றதாகிக்கொண்டிருக்கிறது என்கிறது. இரண்டிலும் பக்கம் பக்கமாக அடிக்குறிப்புகள். யாரை நம்புவது? வேறு எதைப் படிக்கலாம், எந்த வரிசையில்?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நூல்களை இரு தரப்பிலும் தேடிப் படித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கையிலுள்ள இரண்டு நூல்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று நினைக்கிறீர்கள். மறுபடி புரட்டிப் பாருங்கள். பூமி சூடாகிறது, அதற்குப் பெரும்பாலும் மனிதர்தான் காரணம் என்பதை லோம்போர்க் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார். இயற்பியலில் இருவருக்கும் தகராறு இல்லை. எவ்வளவு சேதம் வரும், அதைத் தடுக்க எவ்வளவு செலவு செய்வது தகும் என்பதில்தான் தகராறு. இது தெரியாமல்தான் 'ஃபால்ஸ் அலாரம்' படித்த பலர், "பார்த்தீர்களா, வெப்பமாதலே பொய் என்று ஒரு புத்தகம் வந்திருக்கிறது" என்கிறார்கள். அந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவே இல்லை.

நாம் 'புவி வெப்பமாதல் விவாதம்' என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நான்கு தனித்தனி விவாதங்கள். பூமி சூடாகிறதா, காரணம் நாமா என்பது முதலாவது. காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்பது இரண்டாவது. அதனால் எவ்வளவு பாதிப்பு, தடுக்க எவ்வளவு செலவு என்பது மூன்றாவது. யார் பொறுப்பு, யார் கொடுப்பது என்பது நான்காவது. முதலாவது தீர்ப்பு எழுதி முடித்த வழக்கு. இரண்டாவது நாற்பது ஆண்டுகளில் நன்றாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் இன்னும் சூடாக நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். மோசமான புத்தகங்கள் எல்லாம் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒரு விவாதத்தில் இருக்கும் சந்தேகத்தை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்டிவிடுவது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், இந்த அத்தியாயம் நான்கில் எதைப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, எதில் தொடங்குவது? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வரலாற்றில் தொடங்குங்கள். ஸ்பென்சர் வியர்ட் எழுதிய 'தி டிஸ்கவரி ஆஃப் குளோபல் வார்மிங்' (2003) சின்னப் புத்தகம். அதன் பல மடங்கு விரிவான வடிவம் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வியர்ட் இயற்பியல் படித்துவிட்டு அறிவியல் வரலாற்றுக்கு வந்தவர். விஞ்ஞானிகளை அவர் நாயகர்களாகக் காட்டுவதில்லை. தடுமாறி, தப்புக்கணக்குப் போட்டு, ஒருவரையொருவர் திருத்தி, நூறு ஆண்டுகளில் மெல்ல ஒரு முடிவுக்கு வந்தவர்களாகக் காட்டுகிறார். அதைப் படித்த பிறகு, "இது அண்மையில் அரசியலுக்காகக் கிளப்பிவிட்ட கதை" என்ற பேச்சு உங்களிடம் எடுபடாது.

ஏனென்றால் கதை தொடங்குவது 1850களில். 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியும் கூடுதலாகச் சூடேறும் என்று அப்போதே எழுதிவைத்தார். 1859இல் ஜான் டிண்டால், பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களை எந்தெந்த வாயுக்கள் பிடித்துவைக்கின்றன என்று துல்லியமாக அளந்தார். 1896இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரேனியஸ் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் 5 முதல் 6 டிகிரி ஏறும் என்றார்.

அதே அர்ரேனியஸ்தான் பொது வாசகர்களுக்காக இதை முதலில் எழுதியவர்களில் ஒருவர். 'வேர்ல்ட்ஸ் இன் த மேக்கிங்' என்ற அவர் நூல் 1908இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் வெப்பமாதலை அவர் வரவேற்கிறார்! குளிர் நாடுகளுக்கு நல்ல காலம் வரும், பயிர் செழிக்கும் என்று மகிழ்கிறார். 1938இல் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், வெப்பநிலை ஏறத் தொடங்கிவிட்டது என்று கணக்குக் காட்டியபோது, அவரும் அதை நன்மை என்றே எண்ணினார். ஆக, இந்த அறிவியல் பிறந்தபோது அதில் பயமுறுத்தும் நோக்கம் எதுவும் இல்லை. இயற்பியல் முதலில் வந்தது. கவலை பிறகுதான் வந்தது.

இடையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இன்றும் மறுப்பு நூல்களில் இது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 1900இல் க்னூட் ஆங்ஸ்ட்ரோம், கரியமில வாயு நிரப்பிய ஒரு குழாய் வழியாக வெப்பக் கதிர்களைச் செலுத்தவைத்தார். பிறகு வாயுவின் அளவைக் குறைத்துப் பார்த்தால், உறிஞ்சப்பட்ட கதிரின் அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. அப்படியென்றால் இந்த வாயு பிடிக்கக்கூடிய கதிரை எல்லாம் ஏற்கெனவே பிடித்துவிட்டது, இனி எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பது முடிவு. 'நிறைவுற்றுவிட்டது' என்ற இந்த வாதம் கேட்பதற்கு அவ்வளவு சரியாக இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலான அறிஞர்கள் இதை நம்பினார்கள்.

பிழை எங்கே? வளிமண்டலம் ஒற்றைக் குழாய் அல்ல, அடுக்கடுக்கானது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் ஒவ்வோர் அடுக்கிலும் பிடிபட்டு, மறுபடி உமிழப்பட்டு, மேலே மேலே ஏறி, கடைசியில் வாயு மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. கரியமில வாயுவைக் கூட்டினால் கீழடுக்குகளில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெப்பம் தப்பிக்கும் அந்த உயரம் இன்னும் மேலே போகிறது. அங்கே குளிர் அதிகம், குளிர்ந்த காற்று குறைவாகவே வெப்பத்தை உமிழும். உள்ளே வருவது அதே அளவு, வெளியே போவது குறைவு. அந்தக் கணக்கு மறுபடி நேராகும்வரை கீழே எல்லாம் சூடாகத்தான் வேண்டும். 1950களில் கில்பர்ட் பிளாஸ் கணினி கொண்டு இதை அடுக்கடுக்காகக் கணக்கிட்டார். 1967இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இன்னும் முறையாகச் செய்து, இரட்டிப்புக்கு 2 டிகிரியை ஒட்டிய விடையைத் தந்தார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

அந்த 1967 கணக்கில் இன்னொன்றும் இருந்தது: கரியமில வாயு கூடினால் கீழே சூடேறும், அதே நேரத்தில் மேலே அடுக்கு மண்டலம் குளிரும். சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடேற வேண்டும். பிற்பாடு அளந்து பார்த்தபோது மேலே குளிர்ந்திருந்தது. "சூரியன்தான் காரணம்" என்று எந்தப் புத்தகமாவது சொன்னால், அடுக்கு மண்டலம் ஏன் குளிர்கிறது என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்தவரை அந்தப் பக்கங்கள் மௌனமாகத் தாண்டிப் போகின்றன.

அளவீடுகளின் கதையும் இப்படித்தான். 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயில் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகப் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், தொழிற்புரட்சிக்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் அது 300ஐத் தாண்டியதே இல்லை. அந்தக் கூடுதல் கார்பன் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது என்பதை அதன் ஐசோடோப்புகளே, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகளின் விகிதமே, காட்டிக்கொடுக்கின்றன.

எதிர்த்தரப்பு நூல்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நேர்மையான எதிர்ப்பு இந்தத் துறைக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. 1990இல் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் வெப்பமாதல் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். பல ஆண்டுகள் மறுப்பு நூல்களின் தூணே இந்தத் தரவுதான். அந்த வரைபடத்தைப் பார்த்து நானும் அந்தக் காலத்தில் தயங்கியிருக்கிறேன். செயற்கைக்கோள் பொய் சொல்லுமா என்று தோன்றியது. ஆனால் செயற்கைக்கோள் வெப்பமானி அல்ல. ஆக்சிஜன் உமிழும் நுண்ணலையை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில்தான் சிக்கல். செயற்கைக்கோள்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று 1998இல் வேறொரு குழு காட்டியது. அவை ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நாள்போக்கில் நகர்வதற்குச் செய்த திருத்தத்தில் பிழை என்று 2005இல் கார்ல் மியர்ஸும் ஃபிராங்க் வென்ட்ஸும் காட்டினார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அதை ஏற்றுத் திருத்தினார்கள். இன்று அவர்களுடைய தரவே பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றத்தைக் காட்டுகிறது. மற்ற குழுக்களின் எண்ணைவிட அது குறைவு, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விவாதம் என்றால் இப்படி நடக்க வேண்டும். பழைய தரவை மேற்கோள் காட்டிய புத்தகங்கள் மட்டும் திருத்தப்படாமல் அலமாரிகளில் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் இந்தத் துறையில் ஒரு நூலை எடுத்தவுடன் வெளியான ஆண்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

வரைபடம் வந்தால் தொடக்க ஆண்டைப் பாருங்கள். 1998இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கொரு முறை வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு, உச்சத்தில் இருந்தது, அசாதாரண வெப்பம். அங்கிருந்து கோடு இழுத்தால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் தட்டையாகத் தெரியும். அந்தக் கோட்டை வைத்தே 'வெப்பமாதல் நின்றுவிட்டது' என்று எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டன. 1970இலிருந்து தொடங்கினால் அந்தத் தட்டையான பகுதி ஒரு படிக்கட்டு மாதிரிதான் தெரியும். 2024இன் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

இரண்டாவது விவாதத்துக்கு வருவோம். 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, இரட்டிப்புக்கு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. அந்தப் பெரிய இடைவெளியைச் சுருக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 2021இல் ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, 2.5 முதல் 4 வரை, பெரும்பாலும் 3 என்றது. ஸ்டீவன் கூனினின் 'அன்செட்டில்டு' (2021) முக்கியமாக இங்கேதான் நிற்கிறது. கூனின் சாதாரண ஆள் அல்ல. கோட்பாட்டு இயற்பியலாளர், பி.பி. எண்ணெய் நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர், ஒபாமா காலத்தில் அமெரிக்க எரிசக்தித் துறையில் உயர் பதவி வகித்தவர். ஐ.பி.சி.சி. அறிக்கையில் நிதானமாக எழுதியிருப்பதைச் செய்தித் தலைப்புகள் ஊதிப் பெரிதாக்குகின்றன என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்காகவே அதைப் படிக்கலாம். ஆனால் அவர் நிச்சயமின்மையை ஒரு பக்கமாகவே எடை போடுகிறார். 3 டிகிரி என்பது நிச்சயமில்லை என்றால் அது 2.5 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். தெரியாத ஆழத்தில் இறங்குகிறவன் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பான், குறைவாக அல்ல. நூல் முழுக்க அந்த இன்னொரு பக்கத்தை நான் தேடினேன், போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை.

கணினி மாதிரிகளை நம்பலாமா என்ற கேள்வியும் அவர் நூலில் பெரிதாக வரும். அதற்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு: பழைய கணிப்புகளை எடுத்து, நடந்ததோடு ஒப்பிடுவது. 2020இல் சீக் ஹவுஸ்ஃபாதரும் சக ஆய்வாளர்களும் 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை அப்படிப் பார்த்தார்கள். உண்மையில் எவ்வளவு வாயு வெளியானது என்பதையும் கணக்கில் எடுத்தால், 14 கணிப்புகள் நடந்ததோடு ஒத்துப்போயின.

சரி, உங்கள் இரண்டு புத்தகங்களும் மோதிக்கொள்ளும் மூன்றாவது விவாதம். இங்கே அறிவியலைவிடப் பொருளாதாரமும் மனசாட்சியும்தான் பேசுகின்றன. இதைப் புரிந்துகொள்ள நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டன் அரசுக்காகத் தயாரித்த 2006 அறிக்கையையும், வில்லியம் நார்ட்ஹவுஸின் 'தி கிளைமேட் கசினோ' (2013) நூலையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு உலக உற்பத்தியில் 1 சதவீதம் செலவழித்தால், 5 முதல் 20 சதவீத இழப்பைத் தவிர்க்கலாம் என்றார் ஸ்டெர்ன். நார்ட்ஹவுஸ் கார்பன் வரி வேண்டும் என்றார், ஆனால் மெதுவாகத் தொடங்கினால் போதும் என்றார். இருவரும் பெரிய பொருளாதார அறிஞர்கள், அறிவியலில் இருவரும் ஒரே கட்சி. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பெருமளவு ஒரே ஓர் எண்ணால். நூறு ஆண்டு கழித்து வரப்போகும் ஓர் இழப்பை இன்றைய மதிப்பில் எவ்வளவு என்று எடுப்பது? அதற்கு ஒரு தள்ளுபடி விகிதம் வேண்டும். ஸ்டெர்ன் எடுத்தது ஆண்டுக்கு 1.4 சதவீதம். அந்தக் கணக்கில் நூறாண்டு கழித்து வரும் 100 கோடி இழப்பு இன்றைக்குச் சுமார் 25 கோடி. நார்ட்ஹவுஸ் போன்றவர்கள் சந்தை வட்டியை ஒட்டி 4 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறார்கள். 4.5 என்று வைத்துக் கணக்கிட்டால் அதே 100 கோடி இன்றைக்கு 1.2 கோடிதான். காகிதமும் பென்சிலும் எடுத்து ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையின் கஷ்டம் நம் கஷ்டத்துக்குச் சமமா, அதில் இருபதில் ஒரு பங்கா என்ற கேள்வி அந்தச் சின்ன எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இதற்கு எந்த வெப்பமானியும் விடை சொல்லாது.

லோம்போர்க் சார்ந்து நிற்பது, வெப்பத்தையும் பொருளாதார இழப்பையும் சேர்த்துக் கணக்கிடும் நார்ட்ஹவுஸின் கணினி மாதிரியை. அந்த மாதிரியின் 2016 வடிவத்தில் 3 டிகிரி ஏறினால் உலக வருமானத்தில் 2.1 சதவீத இழப்பு, 6 டிகிரி ஏறினால் 8.5 சதவீத இழப்பு. இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் பூமியின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தையதைவிட ஏறக்குறைய 6 டிகிரிதான் குறைவு. அன்று கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, கனடாவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கனப் பனிக்குள் கிடந்தது. அதே அளவு மாற்றம் எதிர்த்திசையில், அதுவும் ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குள் நடந்தால், நாம் பன்னிரண்டில் ஒரு பங்கு வருமானத்தை மட்டும் இழந்துவிட்டு மற்றபடி இப்படியே இருப்போமா? என்னால் இதை நம்ப முடியவில்லை, பல பொருளாதார அறிஞர்களாலும் முடியவில்லை. நார்ட்ஹவுஸ் இதை அறியாதவர் அல்ல. மீள முடியாத திருப்பங்கள் பற்றி எச்சரிப்பதற்காகத்தான் தன் நூலுக்குச் சூதாட்ட விடுதியின் பெயரையே வைத்தார். 'ஃபால்ஸ் அலாரம்' அந்தக் கணக்கை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

லோம்போர்க் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. பேரிடர்களில் சாகிறவர்களின் எண்ணிக்கை நூறு ஆண்டுகளில் பெருமளவு குறைந்திருக்கிறது, வறுமை குறைந்தால் மக்கள் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும், தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கு அதிகம் செலவழிக்க வேண்டும். இவை மூன்றும் சரி. அவருடைய முந்தைய நூல்களில் மேற்கோள்கள் மூலத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று சோதித்து ஹோவர்ட் ஃப்ரீல் 'தி லோம்போர்க் டிசெப்ஷன்' (2010) என்று தனி நூலே எழுதியிருக்கிறார். அடிக்குறிப்பு இருப்பது வேறு, அடிக்குறிப்பு சொல்வதை நூல் சொல்வது வேறு. அதைப் புரிந்துகொள்ள அந்த நூலில் ஓர் அத்தியாயம் போதும்.

இப்போது மகள் கொண்டுவந்த புத்தகம். எழுத்து அபாரம். வெயில், பசி, தீ, வெள்ளம் என்று அத்தியாயம் அத்தியாயமாக அடிக்கிறது. வாலஸ்-வெல்ஸ் 2017இல் நியூயார்க் இதழில் எழுதிய கட்டுரைதான் நூலானது. அந்தக் கட்டுரை வந்தபோதே, மிகைப்படுத்தியிருக்கிறார் என்று மைக்கேல் மான் போன்ற காலநிலை விஞ்ஞானிகளே கண்டித்தார்கள். நூலின் பல காட்சிகள் உமிழ்வு மிக உயர்ந்துபோகும் பாதையை, அதாவது ஆர்.சி.பி. 8.5 என்ற சூழலை வைத்து எழுந்தவை. நிலக்கரிப் பயன்பாடு இந்த நூற்றாண்டில் பல மடங்கு பெருகினால்தான் அது நடக்கும். இன்று அமலில் உள்ள கொள்கைகள் நம்மை 2100இல் 3 டிகிரியை ஒட்டிய இடத்துக்குக் கொண்டுபோகின்றன. அதுவே பயங்கரம்தான், ஆனால் ஆர்.சி.பி. 8.5 பாதையின் பயங்கரம் அல்ல. வாலஸ்-வெல்ஸும் 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், எதிர்பார்க்கக்கூடிய வெப்பம் முன்பு எண்ணியதைவிடக் குறைந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதையும் மகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் என்னவாகும் என்று படிப்படியாகத் தெரிய வேண்டுமென்றால் மார்க் லைனஸின் 'அவர் ஃபைனல் வார்னிங்' (2020) இன்னும் பயன்படும்.

சந்தேகம் எப்படி விற்கப்பட்டது என்பதற்கு நவோமி ஒரெஸ்கஸும் எரிக் கான்வேயும் எழுதிய 'மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் டவுட்' (2010). புகையிலை நிறுவனங்களுக்காகப் பேசிய அதே சில விஞ்ஞானிகள் பிறகு ஓசோனுக்கும் வெப்பமாதலுக்கும் எதிராகப் பேசியதை ஆவணங்களோடு காட்டுகிறது. 1969இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு, நாம் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்று எழுதியதை அதில் பார்க்கலாம். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் செய்த கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023இல் வந்த ஆய்வு இந்தக் கதையை இன்னும் கனக்கச் செய்கிறது. ஆனாலும் ஒரு வார்த்தை. ஒருவர் ஏன் ஒன்றைச் சொல்கிறார் என்று அந்த நூல் காட்டும். அவர் சொல்வது ஏன் தவறு என்பதற்கு மறுபடி வியர்டிடம்தான் போக வேண்டும். கேள்வி கேட்கிற எல்லோரையும் 'நீ விலைபோனவன்' என்று ஒதுக்க அதை ஆயுதமாக்குகிறவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

பல நூற்றாண்டுகள் தட்டையாக இருந்த வெப்பநிலை கடைசியில் செங்குத்தாக ஏறுவதைக் காட்டும் 'ஹாக்கி மட்டை' வரைபடச் சண்டையும், 2009இல் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள் கசிந்த கதையும் இரு தரப்பிலும் நூல்களாகியிருக்கின்றன. பல விசாரணைகள் நடந்தன. தரவைத் திரித்ததாக எதுவும் நிரூபணமாகவில்லை, தகவலைப் பகிர்வதில் இன்னும் திறந்த மனம் வேண்டியிருந்தது என்றார்கள். இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மைக்கேல் கிரைட்டனின் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' (2004) வரைபடங்களோடு வந்தாலும் அது நாவல், நாவலாகவே படியுங்கள். அதை எழுதியவரை 2005இல் அமெரிக்க செனட் குழு சாட்சி சொல்லக் கூப்பிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நான்காவது விவாதத்துக்குத்தான் நான் ஆசையோடு காத்திருந்தேன். மேற்கத்திய வாசிப்புப் பட்டியல்களில் அதிகம் காணக் கிடைக்காத ஒரு சின்ன வெளியீடு இருக்கிறது: இந்தியச் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் எழுதிய 'குளோபல் வார்மிங் இன் அன் அன்ஈக்வல் வேர்ல்ட்'. முந்தைய ஆண்டு அமெரிக்காவின் உலக வளங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதில் இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் உலகின் முதல் ஐந்து உமிழ்வு நாடுகளுக்குள் வந்திருந்தன. இந்த இருவரும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் பங்கை, எந்த நாடு எவ்வளவு உமிழ்கிறதோ அந்த விகிதத்திலேயே பகிர்ந்திருந்தார்கள். அதாவது அதிகம் அழுக்காக்கியவனுக்கே அதிகத் தள்ளுபடி. கடலும் காற்றும் எல்லா மனிதருக்கும் பொது, தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பிரித்தால் படமே தலைகீழாகிறது. ஏழை உழவன் நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் பணக்காரனின் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தராசில் போடுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். பிழைப்புக்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு.

முப்பது ஆண்டு கழித்தும் எல்லா மாநாடுகளிலும் நடக்கும் சண்டை இதுதான். 1992 ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற சொற்றொடர் நுழைந்ததும், 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த காலநிலை மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வைக்க ஒப்புக்கொண்டதும் இந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான். கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுகள் தங்குவதால் பழைய கணக்கும் தீராது. 1750இலிருந்து எரித்ததைக் கூட்டினால் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி. லோம்போர்க்கும் வாலஸ்-வெல்ஸும் இந்த இடத்தில் அதிகம் நிற்பதில்லை. அதனால்தான் அந்த இரண்டு நூல்களை மட்டும் படித்தால் விவாதத்தின் பாதிதான் கிடைக்கும் என்கிறேன். இதோடு அமிதவ் கோஷின் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' (2016) சேர்த்துப் படியுங்கள். நம் கதைகளில் ஏன் இந்தப் பேரழிவு வருவதே இல்லை என்று அவர் கேட்கும் கேள்வி, வாசகராக என்னையும் உலுக்கியது.

நல்லவர்களும் நன்கு படித்தவர்களும் ஏன் இதில் ஒத்துப்போவதில்லை என்பது உங்களை உறுத்தினால் மைக் ஹியூமின் 'ஒய் வீ டிஸ்அக்ரீ அபவுட் கிளைமேட் சேஞ்ச்' (2009) இருக்கிறது. கொஞ்சம் அடர்த்தியான நூல், அவசரமில்லாமல் படிக்க வேண்டியது. தீர்வுகள் பற்றி டேவிட் மெக்கேயின் 'சஸ்டெய்னபிள் எனர்ஜி: விதவுட் த ஹாட் ஏர்' (2008) இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு தீர்வையும் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒரே அளவில் வைத்துக் கூட்டிப் பார்க்கிறார். சூரிய மின்சாரத்தின் விலை அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டதால் அவர் விலைகளை நம்ப வேண்டாம், கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டீர்கள். முதலில் வியர்ட், பிறகு அகர்வால்–நாராயண் வெளியீடு, அப்புறம் 'கிளைமேட் கசினோ'. அதன்பின் உங்கள் கையிலுள்ள இரண்டையும் மறுபடி எடுங்கள், முதல் தடவை படித்த அதே புத்தகங்களாக இருக்காது. இரண்டு நூல்களும் ஐ.பி.சி.சி.யை மேற்கோள் காட்டும் இடங்களில் ஒரு பென்சில் குறி போடுங்கள். அந்த அறிக்கைகளில் 'வாய்ப்பு உண்டு' என்றால் குறைந்தது 66 சதவீதம், 'மிகவும் வாய்ப்பு உண்டு' என்றால் குறைந்தது 90 சதவீதம் என்று பொருள் வரையறுத்திருக்கிறார்கள். மேற்கோளில் அந்தச் சொல் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முழு அறிக்கை ஆயிரக்கணக்கான பக்கம், அதைப் படிக்கச் சொல்லவில்லை. 2021 அறிக்கையில் அத்தியாயங்களோடு வரும் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதி எளிமையானது, இலவசமானது. நீங்களும் மகளும் வாரத்துக்கு ஒரு கேள்வியாகச் சேர்ந்து படிக்கலாம். புத்தகம் கொடுத்த நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.